ஒன்பது கேள்வி, இருபத்துநாலு மார்க்

முத்துச்செல்விக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. அதில் புருஷனோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிக் கழித்தால் பதினொன்று தேறும். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது, அவன் துபாயிலும் கிடையாது. இரண்டு பேரும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரே அறையில், ஒரே பாயில்தான் படுத்தார்கள். என்ன, ஒருத்தர் எழுந்து போன பிறகுதான் மற்றவர் வந்து படுத்தார்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊர் அவளுக்கு. பிளஸ் டூ பரீட்சை எழுதின மை காயுமுன்னே, 2008ஆம் வருஷம், செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுக்க வந்த பஸ்ஸில் ஏறிவிட்டவள். மூன்று வருஷம் ஹாஸ்டல். அப்புறம் அத்தை மகன் பேச்சிராஜைக் கட்டிவைத்தார்கள். அவனுக்கு ஒரகடத்தில் கார் சீட்டுக்கான இரும்புச் சட்டத்தை வெல்டிங் வைக்கிற வேலை. இரண்டு பேருக்கும் ஒரே ரோட்டில் வேலை, தோதாகப் போயிற்று என்று பெரியவர்கள் தாம்பூலம் மாற்றினார்கள். ரோடு ஒன்றுதான். ஷிப்டைக் கேட்கத்தான் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு ஏழிலிருந்து ஏழு, அவனுக்கு எட்டிலிருந்து எட்டு. ஓ.டி.யோடு சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. இவள் பகலுக்குப் போகிற வாரம் அவனுக்கு ராத்திரி. அவன் பகலுக்கு வருகிற வாரம் இவளுக்கு ராத்திரி. சூரியனும் சந்திரனும்கூட அமாவாசைக்கு அமாவாசை பக்கத்தில் வந்து நலம் விசாரித்துக்கொள்ளும். இவர்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. லீவு நாளாவது சேர்ந்து வந்ததா என்றால், இவளுக்கு ஞாயிறு, அவன் கம்பெனிக்கு மின்வெட்டுக்காகப் புதன். ஞாயிறுகளில் பாதியை ஓ.டி. தின்றது, மீதியை அவன் குறட்டை தின்றது. புதன்களில் பாதியை அவன் ஓ.டி. தின்றது, மீதியை இவள் குறட்டை தின்றது.

ஒரே ஒரு சலுகை இருந்தது. அவள் வேலை முடிந்து திரும்புகிற பஸ்ஸும் அவன் வேலைக்குப் போகிற பஸ்ஸும் ஏழரை மணி சுமாருக்கு வல்லத்துக்குப் பக்கத்தில் எதிரெதிரே கடக்கும். அதற்காகவே அவள் வலப்பக்க ஜன்னலுக்குச் சண்டை போட்டு இடம் பிடிப்பாள். அங்கே அவனும் வலப்பக்க ஜன்னல். இரண்டு டிரைவர்களும் போன ஜென்மத்தில் பந்தயக் குதிரை ஓட்டினவர்கள். கண்ணைச் சிமிட்டினால் அன்றைய குடித்தனம் முடிந்தது.

போனில் பேசலாமே என்பீர்கள். செல்போன் கம்பெனிதான், ஆனால் வாசலிலேயே அவளுடைய போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். நாளொன்றுக்கு ஆயிரத்தெட்டு போனைக் காதில் வைத்துச் சோதிப்பாள், ஒன்றிலும் அவன் குரல் வராது.

வீட்டுக்காரி செங்கமலம், நிலத்தை சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு மிச்ச மனையில் எட்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தவள், ஒருநாள் துணி காயப்போடுகிற இடத்தில் வழிமறித்தாள்.

"இன்னாடி செல்வி, உன் வூட்டுக்காரன் நெசமாவே கீறானா? இல்ல, சும்மா ஒரு சட்டைய நனைச்சி நனைச்சி கொடியில போட்டுக்கினு கீறியா?"

"என்னக்கா இப்பிடிக் கேக்கிய. காலைல போனாவல்லா."

"அவனும் இதான் சொல்றான். 'இப்பதாங்க்கா போனா'ன்றான். ஒரே ஆளு வேசம் மாத்திக்கினு வர்றீங்களான்னு எனக்கு டவுட்டு."

சிரித்துவிட்டு உள்ளே வந்தாள். பாய் விரித்தபடியே கிடந்தது. மின்விசிறி ஓடுகிற நாளில் அவன் படுத்த இடம் ஆறிப் போயிருக்கும். கரண்ட் இல்லாத நாளில் சூடு அப்படியே இருக்கும், தலையணையில் தலை அழுந்தின பள்ளம்கூட இருக்கும். ஊரே மின்வெட்டைத் திட்டித் தீர்த்த அந்த வருஷத்தில், அதைத் திட்டாத ஒரே ஜீவன் முத்துச்செல்விதான்.

ஷிப்ட் நேர்மாறாக வருகிற அடுத்த பேட்ச்சுக்கு மாற்றிக் கொடுங்கள், புருஷனும் நானும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும் என்று மூன்று மனு எழுதிக் கொடுத்திருந்தாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். மூன்றுக்கும் ஆபீசில் ஒரே பதில்: பேட்ச்சில் ஆள் சரியாக இருக்கிறது, மெடிக்கல் காரணம் இருந்தால் மட்டும் பார்க்கலாம். அவள் கை காலைப் பார்த்துக்கொண்டாள். ஒரு காரணமும் தென்படவில்லை, பனங்கட்டை மாதிரி நன்றாகத்தான் இருந்தாள்.

இப்படி இருக்கையில் 2013 ஆடி மாதம் கேன்டீனுக்கு ஒரு பெண் வந்தாள். வாலாஜாபாத்துக்காரி, சசிரேகா என்று பெயர், சென்னையில் படித்துவிட்டு ஒரு மனநல டாக்டரிடம் ஆராய்ச்சி உதவிக்கு இருந்தாள். மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் உண்டாம், எங்கேயோ பெரிய ஆஸ்பத்திரிகளில் சரியாக வேலை செய்ததாம். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிற இந்தப் பிள்ளைகளிடம் அது உண்மை சொல்லுமா, பொய் சொல்லுமா என்று பார்க்கத்தான் வந்திருந்தாள். பேர் எழுத வேண்டாம், நம்பர் போதும், தாள் கம்பெனிக்குப் போகாது என்று தொண்டை வறளச் சொன்னாள்.

ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனசு சோர்ந்து கிடந்ததா, தூக்கம் கெட்டதா, அசதியா, சாப்பாடு இறங்கவில்லையா என்று இப்படியே போகும். ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம்: ஒருநாளும் இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், தினமும். பூஜ்யத்திலிருந்து மூன்று வரைக்கும் மார்க். கூட்டினால் பத்துக்கு மேல் போகிறவர்களை டாக்டர் கவனிக்க வேண்டும் என்று கணக்கு.

இருநூறு பெண்கள் தாளை வாங்கினார்கள். மூன்றே நிமிஷத்தில் இருநூறு தாளும் திரும்பிவிட்டது. இருநூறும் பூஜ்யம்.

யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. அது கைப்பழக்கம். லைனில் மணிக்கு ஒரு செக்ஷீட் நிரப்ப வேண்டும்: மேஜை சுத்தமா, கையுறை போட்டாயா, மிஷின் சரியா என்று வரிசையாகக் கேட்டிருக்கும். முதல் கட்டம் 'ஓகே'. மற்றதில் டிக் போட்டால் லைன் நின்றுபோகும், சூப்பர்வைசர் லோகேஷ் ஓடிவருவான், அவன் பின்னால் இன்னும் நாலு பேர் வருவார்கள். ஆகவே முதல் கட்டத்தில் ஒரு டிக், அங்கிருந்து கீழே வரைக்கும் ஒரே கோடு. இந்தத் தாளிலும் கட்டம் இருந்தது, கை தானாகக் கோடு இழுத்துவிட்டது. முத்துச்செல்வியும்தான் இழுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான் மூன்றாவது கேள்வி மனசில் ஏறியது. தூக்கம் வருகிறதா என்று ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் கேட்டிருக்கிறார், அதற்கும் கோடு இழுத்துவிட்டோமே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் கோதண்டராமன் தாள்களைப் பார்த்துவிட்டு, நைட் ஷிப்ட் பார்க்கிற இருநூறு பேரில் ஒருத்திக்கும் தூக்கம் கெடவில்லை என்றால் இது தொழிற்சாலை இல்லை, பாற்கடல் என்றாராம்.

மறுபடி நடத்துவது என்று முடிவாயிற்று. அதற்குள் வேறொரு சங்கதி நடந்துவிட்டது. பக்கத்து லைனில் ஒரு பெண்ணுக்கு முதுகு எலும்பு பிசகி, அவளைக் காலையில் வந்து சாயங்காலம் போகிற ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். பூமாரிக்கு இது எட்டியது. முத்துச்செல்வியோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினவள், ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி, சிரிப்புக்குப் பேர் போனவள். சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டுவாள், மெஸ் சாம்பாருக்கு ஒப்பாரி வைப்பாள். அவள் இருக்கிற பஸ்ஸில் டயர் பஞ்சரானால்கூட ஜனங்கள் இறங்க மாட்டார்கள். அவள் சொன்னாள்: முதுகெலும்பாவது ஒன்றாவது, எல்லாம் அந்தத் தாள் செய்த வேலை, யாருக்கு மார்க் கூடுதலோ அவளுக்கு ஜெனரல் ஷிப்ட். சாயங்காலத்துக்குள் இது ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல் முழுக்கப் பரவி, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரை போய், ஷேர் ஆட்டோக்காரர்கள் தங்களுக்கும் ஒரு தாள் கிடைக்குமா என்று கேட்டதாகக் கேள்வி.

இரண்டாவது தடவை தாள் கொடுத்தபோது இருநூறு பேரும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தின மாதிரி கடைசிக் கட்டத்தில் கோடு இழுத்தார்கள். ஒன்பதாவது கேள்வியில் மட்டும் எல்லாக் கையும் நின்றது. செத்துப் போனால் தேவலை என்று தோன்றியதா என்று கேட்டிருந்தது. அன்றைக்கு ஆடி வெள்ளி. வெள்ளியும் அதுவுமாக அதை யார் எழுதுவார்கள்? அதற்கு மட்டும் பூஜ்யம். எட்டு மூன்று இருபத்துநாலு. எல்லோருக்கும் இருபத்துநாலு.

முத்துச்செல்வி கோடு இழுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் படித்து, யோசித்து, உள்ளதை எழுதினாள். தூக்கத்துக்கு மூன்று, அசதிக்கு மூன்று, நாட்டமின்மைக்கு இரண்டு என்று போய்க் கூட்டினால் பதினாலு வந்தது. பூமாரி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கூறு கெட்டவளே! எல்லாரும் இருபத்துநாலு போடுதாளுவ, பதினாலுக்கு எவன் ஒனக்கு ஷிப்ட் தருவான்? ஒம் மச்சான் வேணுமா வேண்டாமா?"

வேணும். பேனாவைக் கட்டத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். ஆனால் ஐந்து வருஷம் சோதனை மேஜையில் பழகின கை. உள்ளதை இல்லாததாகக் குத்த அதற்கு வரவில்லை. பதினாலோடு கொடுத்துவிட்டாள். அன்றைக்கு வல்லம் தாண்டும்போது எதிர் பஸ்ஸில் அவன் நாக்கைத் துருத்திக் காட்டினான். சிரித்தாள். பஸ் போன பிறகு, இவன்கிட்டே என்னத்தைச் சொல்வேன், உன்னைப் பத்து மார்க் வித்தியாசத்தில் விட்டுவிட்டேன் என்றா சொல்வேன் என்று நினைத்துக்கொண்டாள்.

இருநூறு தாளிலிருந்து சீட்டுக் குலுக்கி முப்பது பேரை டாக்டர் நேரில் பார்த்தார். தாளில் யாருக்கு எத்தனை மார்க் என்று அவருக்குச் சொல்லக் கூடாது. அவராகப் பேசி, நோய் உண்டா இல்லையா என்று எழுதுவார். பிறகு சசிரேகா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அதுதான் ஏற்பாடு. முப்பதில் ஒருத்தி முத்துச்செல்வி, இன்னொருத்தி பூமாரி.

டாக்டரிடமிருந்து ஒரு சர்டிபிகேட் வாங்கிவிட்டால் மெடிக்கல் காரணம் கிடைத்துவிடும். அந்த ஒரே நினைப்பில், ஒரு வியாழக்கிழமை, ராத்திரி ஷிப்ட் முடிந்த கையோடு, பஜாரில் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குள் போனாள். கோதண்டராமன் தாளைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். கடைசியாக எப்போது சிரித்தாய் என்று கேட்டார். இன்றைக்குக் காலை ஏழரைக்கு என்றாள். ஏன் என்றார். எதிர் பஸ்ஸில் அவன் மறுபடி நாக்கைத் துருத்தினதைச் சொன்னாள். சொல்லும்போதே மறுபடி சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. அரைமணி நேரம் துருவித் துருவிக் கேட்டார். இப்போது உன் புருஷன் வாசலில் வந்து நிற்கிறார் என்று சொன்னால் என்ன செய்வாய் என்றார். வாய் பதில் சொல்வதற்குள் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள்.

"உட்காரும்மா, யாரும் வரலை," என்றார். "உனக்கு நோய் இல்லை."

"அப்ப இது என்னது சார்? ஒறக்கம் இல்ல, சோறு எறங்கல."

"புருஷனைப் பார்க்கணும்னு இருக்கு, அவ்வளவுதான். அதுக்கு மாத்திரை கிடையாது. இருந்தா நானே போட்டிருப்பேன், என் வீட்டம்மா பிரசவ டாக்டர்."

சர்டிபிகேட் கேட்டாள். தர முடியாது என்றார். இல்லாத நோயை எழுதினால் இந்தத் தாள் சரியா தப்பா என்று தான் பார்க்க வந்ததே பாழாகிவிடும் என்று விளக்கத் தொடங்கினார். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: லைனில் கெட்ட போனை நல்லது என்று விட்டாலும் மெமோ, நல்ல போனைக் கெட்டது என்று ஒதுக்கினாலும் மெமோ. வாரத்துக்கு ஒருநாள் வேண்டுமென்றே பழுது வைத்த நாலு போனை நடுவில் கலந்து விடுவார்கள், எங்கள் காது சரியாக இருக்கிறதா என்று பார்க்க. நீங்கள் எங்களைச் சோதிக்கவில்லை, அந்தத் தாளைச் சோதிக்கிறீர்கள், அப்படித்தானே?

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஆறு மாதமாகக் கம்பெனி அதிகாரிகளுக்குப் படம் போட்டுச் சொல்லியும் ஏறாத விஷயம் அது. தாளில் என்ன கோளாறு என்று அவளையே கேட்டார். கட்டம் போட்டுக் கொடுத்தால் கோடுதான் இழுப்போம், வாயால் கேளுங்கள், கேன்டீனில் வேண்டாம், தூக்கம் ஏன் இல்லை என்றும் சேர்த்துக் கேளுங்கள் என்றாள். சசிரேகா எழுதிக்கொண்டாள்.

கடைசிக் கணக்கு இப்படி வந்தது. முதல் தடவை தாளைக் கேட்டால் ஒருத்திக்கும் நோய் இல்லை. இரண்டாம் தடவை கேட்டால் முப்பது பேருக்கும் நோய். டாக்டரைக் கேட்டால் நாலு பேருக்கு.

அந்த நாலில் ஒருத்தி பூமாரி. விளையாட்டுக்கு இருபத்துநாலு போட்டவள், ஊரையும் போடவைத்தவள். அவளே பிறகு முத்துச்செல்வியிடம் சொன்னாள். டாக்டர் முன்னாலும் லோகேஷ் மாதிரி நடந்து காட்டினாளாம். அவர் சிரித்து முடித்துவிட்டு, இதையெல்லாம் செய்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போனதும் என்ன செய்வாய் என்று கேட்டாராம். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன் என்று வாயிலிருந்து தானாக வந்ததாம். வெள்ளிக்கிழமை எழுதாமல் விட்ட ஒன்பதாவது கேள்விக்கு வியாழக்கிழமை வாயால் பதில் சொல்லிவிட்டாள். அன்றைக்கே வைத்தியம் ஆரம்பித்தார்கள், ஊரிலிருந்து அவள் சித்தியை வரவழைத்தார்கள், தனியாக விடக் கூடாது என்று சொல்லிவைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் மூன்று வருஷம் படுத்திருந்தேனே, எனக்குத் தெரியலையே என்று முத்துச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தெரியவிட்டால்தானே என்றாள் பூமாரி. அந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. மாத்திரையும் பேச்சுமாக ஐப்பசிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். மெஸ் சாம்பாரை வாய்விட்டு வைதாள், ஒப்பாரி வைக்கவில்லை.

சர்டிபிகேட் இல்லாமல் முத்துச்செல்வி பழையபடி வலப்பக்க ஜன்னலுக்கு வந்து சேர்ந்தாள். நோயாளியாக இருந்திருந்தால் புருஷன் கிடைத்திருப்பான், ஆரோக்கியம் குறுக்கே வந்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

ஒரு சனிக்கிழமை லோகேஷ் லைன் நடுவில் நின்று புலம்பிக்கொண்டிருந்தான். நைட்டுக்கு ஆள் பற்றவில்லை, எல்லாரும் பகல்தான் கேட்கிறார்கள், தான் என்ன ஆளை அச்சா அடிக்க முடியும் என்பது அவன் வாராவாரம் பாடுகிற பாட்டு. வாராவாரம் கேட்டதுதான், முத்துச்செல்விக்கு அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கம்பெனி மாட்டேன் என்று சொல்லவே முடியாத மனு ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதை இதுவரை ஒருத்தரும் எழுதினதில்லை.

எனக்கு நிரந்தரமாக நைட் ஷிப்ட் கொடுங்கள் என்று எழுதினாள். ஆபீசில் அதை மூன்று தடவை படித்தார்கள், பெண்ணுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருக்கிறது என்று டாக்டரே சொன்னார் சார் என்றாள். பேச்சிராஜிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. நீங்களும் அங்கே நிரந்தர நைட் கேளுங்கள் என்று பாயில் தலையணைக்கு அடியில் கடுதாசி வைத்தாள். பதிலும் தலையணைக்கு அடியில் வந்தது: "ஏளா, கோட்டான் மாதிரி ஆயிருவோம். சரி." அவன் கம்பெனியிலும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் ராத்திரி. அவள் காலை ஏழே முக்காலுக்கு வருவாள், அவன் எட்டு நாற்பது பஸ்ஸில் வந்து இறங்குவான். ஜன்னலுக்குச் செங்கமலத்தின் பழைய போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்தார்கள். முதல் வாரம் இரண்டு பேருக்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவன் குரல் அவள் நினைத்துவைத்திருந்ததைவிடக் கொஞ்சம் தடிப்பு.

மார்கழியில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு சசிரேகா வந்தாள். மூன்றாவது சுற்று. கட்டம் போட்ட தாளை யாரிடமும் கொடுக்காமல், அவரவர் வீட்டில் வாயால் கேட்கிற சுற்று. நாட்டமின்மை? இல்லை. மனச்சோர்வு? இல்லை. தூக்கம் கெட்டதா?

"எங்க தாயி ஒறங்க? பகல் பூரா பேசிக்கிட்டே கெடப்போம். ரெண்டு வருசத்துப் பேச்சுல்லா. தெனமும்னு போட்டுக்கோ."

அசதி? ராத்திரி வேலை, பகல் பேச்சு, பின்னே என்ன ஆகும்? தினமும். சாப்பாடு? அவர் வந்ததும் சாப்பிடலாம் என்று காத்திருப்பாள், வந்ததும் பேச்சில் ஆறிப்போகும். தினமும். கவனம்? போனைக் காதில் வைத்தால் பகலில் அவன் சொன்னதுதான் கேட்டது. தினமும். இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறதா என்ற கேள்விக்கு சசிரேகாவே பதிலை எழுதிக்கொண்டாள். பேச ஆரம்பித்ததிலிருந்து முத்துச்செல்வி நாலு தடவை வாசலுக்குப் போய் வந்திருந்தாள். மற்ற நாலுக்கும் பூஜ்யம். ஐந்து மூன்று பதினைந்து.

சசிரேகா தலையைச் சொறிந்தாள். "அக்கா, போன தடவை பதினாலு. இப்ப ஒண்ணு கூடியிருக்கு."

"கூடுனா நல்லதா, கொறைஞ்சா நல்லதா?"

"கொறைஞ்சாதாங்க்கா நல்லது."

"நீ எழுதிக்கோ தாயி. எனக்கு இதுல ஒரு மார்க்கும் கொறைக்க மனசில்ல." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "கேள்வி இன்னும் கெடக்கா? பஸ் வார நேரமாச்சு."

கேள்வி முடிந்துவிட்டது என்று சசிரேகா சொன்னாளோ இல்லையோ, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இருந்தாள். எட்டு நாற்பதுக்கு வர வேண்டிய பஸ் எட்டு ஐம்பது ஆகியும் வரவில்லை. மற்ற கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து ஆளை இறக்கிவிட்டுப் போயின. முத்துச்செல்வி தார் ரோட்டின் ஓரம்வரை இறங்கி நின்று, ஒரகடம் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.